ஒரு மா நிலத்தில் இரு பயிர்: நிலத்தையும் தழைச்சத்தையும் சேர்த்து அளப்பது எப்படி?

ஊடுபயிர் போட்டால் யூரியாச் செலவு குறையும் என்று கேள்விப்பட்டு, மக்காச்சோளத்தோடு உளுந்தைச் சேர்த்து விதைத்து, பழைய கணக்கிலேயே யூரியாவையும் இறைத்துவிட்டு, "ஒன்றும் மிச்சமாகவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். குறை அவர்களிடம் இல்லை. இரண்டு பயிரைச் சேர்த்து வளர்ப்பதில் எது மிச்சமாகிறது, எங்கே மிச்சமாகிறது, அதை எப்படி அளப்பது என்பதை யாரும் அவர்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நிலங்களை மனத்தில் வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் வருவது மக்காச்சோளமும் உளுந்தும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குழாய்க்கிணற்று நிலங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். மற்ற ஜோடிகளுக்கும் கணக்கு ஒன்றுதான்.

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடி, ஜூன் 12இல் திறக்கும். இடையில் 135 நாள். சம்பா, தாளடி நெல் அறுவடைக்குப் பின் வரும் இந்த 135 நாளைத்தான் இங்கே பேசப்போகிறோம். நெல்லோடு சேர்த்துச் செய்யக்கூடியதைக் கடைசியில் சொல்கிறேன்.

விதைக்கும் முன் தெளிய வேண்டியது

உளுந்து காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுக்கிறது என்பது உண்மை. எடுத்ததைப் பக்கத்தில் நிற்கும் மக்காச்சோளத்துக்கு அதே பருவத்தில் ஊட்டுகிறது என்பது பெரும்பாலும் நம் ஆசை. வேரிலிருந்து வேருக்குக் கைமாறும் அளவு மிகச் சிறியது. அதை நம்பி மக்காச்சோளத்தின் உரத்தைப் பாதியாக வெட்டினால் கதிர் சூம்பிவிடும்.

ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது. மக்காச்சோளத்தின் வேர் வேகமாகவும் ஆழமாகவும் இறங்கும். மண்ணில் கரைந்திருக்கும் தழைச்சத்தை அது முந்திக்கொண்டு எடுத்துவிடும். மண்ணில் கிடைக்காத உளுந்து, தன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவை வேலை வாங்கத் தொடங்கும். தனியாக நிற்கும் உளுந்தைவிடத் தானியப் பயிரோடு நிற்கும் உளுந்து, தன் தேவையில் கூடுதல் பங்கைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மக்காச்சோளத்துக்கு மண் ஒரு குதிர், உளுந்துக்குக் காற்று ஒரு குதிர். இருவரும் ஒரே குதிரில் கைவிடாமல் பார்த்துக்கொள்வதே சாகுபடியாளரின் வேலை.

யூரியாவை வயல் முழுக்க வீசும்போது நாம் இதற்கு நேர் எதிரானதைச் செய்கிறோம். மண்ணிலேயே தாராளமாகக் கிடைத்தால் உளுந்து காற்றில் தேட மெனக்கெடாது. முடிச்சுப் பிடிக்காது. தழை மட்டும் மதமதவென்று வளரும், பூ உதிரும், மக்காச்சோளத்துக்கு வைத்ததில் ஒரு பங்கையும் அது தின்றிருக்கும். முதல் ஆண்டு என் வயலில் நடந்தது இதுதான். கரும்பச்சையாக நின்ற உளுந்தைப் பார்த்து வழியில் போனவர்களெல்லாம் பாராட்டினார்கள். பிடுங்கிப் பார்த்தபோது வேரில் முடிச்சே இல்லை. அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. உளுந்து எடுத்த தழைச்சத்தெல்லாம் அடுத்த பயிருக்கு மண்ணில் தங்கும் என்பதும் முழு உண்மையல்ல. உளுந்துப் பருப்பில் சுமார் 24 சதவீதம் புரதம். கணக்கிட்டால் 100 கிலோ உளுந்து ஏறத்தாழ 4 கிலோ தழைச்சத்தைத் தன்னோடு மூட்டையில் கட்டிக்கொண்டு போகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் வேரும்தான். கொடியையும் மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போனால், சாணமாக அது திரும்பி வந்தாலொழிய மிச்சம் இன்னும் குறையும். கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகளை வயலில் கிடை போடுவதன் அருமை இந்த இடத்தில்தான் விளங்கும்.

கலந்து வளர்ப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. குறுவை நெல்லோடு நீண்ட வயதுடைய ஒட்டடையான் நெல்லைக் கலந்து, குறுவையை முதலில் அறுத்து, தாளிலிருந்து தழைத்து வரும் ஒட்டடையானைத் தையில் அறுத்த பழக்கம் இங்கே இருந்தது. ஒரு நடவு, ஒரே நிலம், இரண்டு அறுவடை. காலத்தில் மாறுபடும் இரண்டு பயிர்கள் ஒன்றையொன்று நெருக்காது என்பதை நம் முன்னோர் விகிதக் கணக்கு இல்லாமலே கண்டிருக்கிறார்கள்.

முதல் படி: ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று தானியமோ பருத்தியோ, மற்றொன்று பயறா? ஒன்று முந்தி முடிந்து மற்றொன்றுக்கு இடம்விடுமா? உயரம் வேறுபடுமா? மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் துணிந்து இறங்கலாம்.

மக்காச்சோளம் 105 முதல் 110 நாள், உளுந்து 65 முதல் 70 நாள். மக்காச்சோளம் தழைச்சத்தை வாரி இழுப்பது முழங்கால் உயரம் முதல் பூங்கதிர் விடும்வரை. இந்த ஜோடி மூன்று கேள்வியிலும் தேறும். சம்பாவுக்குப் பின் தையில் போடும் பருத்தி முதல் 45 நாள் மெதுவாகவே வளரும், இடைவெளியும் அகலம். அந்த வெற்றிடத்தில் உளுந்து வளர்ந்து, பருத்தி கிளை பரப்புவதற்குள் வெளியேறிவிடும். ஆனால் வெள்ளை ஈ இரண்டுக்கும் பொது எதிரி, உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைப் பரப்புவதும் அதுவே. ஆகவே பருத்தியோடு சேர்ப்பதானால் தேமலைத் தாங்கும் ரகம் கட்டாயம்.

நிலக்கடலையோடு உளுந்து போடுவது பலருக்கும் பழக்கம். நிலச் சேமிப்பு கிடைக்கலாம், ஆனால் இரண்டுமே பயறு இனம், இரண்டும் ஒரே குதிரில் கைவிடுபவை. தழைச்சத்து விஷயத்தில் பெரிய ஆதாயம் எதிர்பார்க்க வேண்டாம். மதுக்கூர்ப் பக்கத்து மணற்பாங்கான மண்ணில் நிலக்கடலையோடு கம்பு சேர்ப்பது இந்தக் கணக்கில் மேலானது. எள்ளுக்கு உரத்தேவையே குறைவு, அதில் மிச்சப்படுத்த அதிகமில்லை.

மழை நீர் தேங்கும் களிமண் வயல் என்றால் வடிகால் வெட்டிய பிறகே யோசியுங்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த பருவம் தவறிய மழையில் பயறு வயல்கள் பட்ட பாடு நினைவிருக்கும். வேரில் காற்றோட்டம் நின்றால் முடிச்சு முதலில் சாகும், செடி பிறகு சாகும்.

இரண்டாம் படி: அளப்பதற்கு வயலைப் பிரிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் இது இல்லாமல் மற்ற எதற்கும் பொருளில்லை. கலந்து விதைத்த வயலை மட்டும் வைத்துக்கொண்டு லாபமா நட்டமா என்று சொல்ல முடியாது. ஒப்பிடத் தனிப்பயிர் வேண்டும்.

நம்மிடம் அதற்கென்றே செய்துவைத்தது போன்ற அளவு இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. ஓர் ஏக்கரில் 302.5 குழி. ஒரு குழியில் கிடைத்த எடையை 302.5ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வந்துவிடும்.

ஒரு மா நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 குழி தனி மக்காச்சோளம், 20 குழி தனி உளுந்து, மீதி 60 குழி கலப்பு. தனி மக்காச்சோளத்தில் 4 குழியும் கலப்பில் 4 குழியும் யூரியாவே இல்லாமல் விட்டுவிடுங்கள். அந்த எட்டுக் குழியில் விளைச்சல் குறையும்போது மனம் கொஞ்சம் வலிக்கும். உங்கள் மண் தானாக எவ்வளவு கொடுக்கிறது என்பதை அறிய அதைவிட மலிவான பரிசோதனை வேறில்லை.

கட்டங்களை எப்படி வெட்டுவது என்பதில் கவனம் தேவை. எந்த வயலிலும் தண்ணீர் நுழையும் வாய்மடை ஓரம் வண்டல் படிந்து செழிப்பாக இருக்கும், தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடை ஓரம் மெலிந்திருக்கும். கலப்பை வாய்மடையிலும் தனிப்பயிரைக் கடைமடையிலும் வைத்தால் நீங்கள் அளப்பது ஊடுபயிரை அல்ல, மடையை. ஆகவே தண்ணீர் ஓடும் திசையிலேயே நீள நீளமான பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையும் வாய்மடையில் தொடங்கிக் கடைமடையில் முடிய வேண்டும். தென்னை நிழல் விழும் ஓரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: விதையும் வரிசையும்

மக்காச்சோளத்துக்கு வழக்கமான இடைவெளி 60 க்கு 25 சென்டிமீட்டர், ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடி. இந்த எண்ணிக்கையைக் குறைக்காமல் வரிசைகளை மட்டும் ஜோடியாக்குங்கள். ஒரு ஜோடிக்குள் 45 சென்டிமீட்டர், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே 75 சென்டிமீட்டர். அந்த 75இல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை உளுந்து. ஒரு குழியின் 12 அடிக்குள் மூன்று ஜோடி கிட்டத்தட்டச் சரியாக அடங்கும், அளக்கும்போது இது உதவும். நீரோட்டத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால் வரிசை வடக்கு தெற்காக ஓடட்டும். நடுப்பகல் வெயில் இடைவெளிக்குள் இறங்கும். நிழலில் நிற்கும் உளுந்து முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்ப முடியாமல் தவிக்கும், தழைச்சத்து சேர்ப்பதும் குறையும்.

கலப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ உளுந்து விதை போதும், தனிப்பயிருக்கு 8 கிலோ. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8, வம்பன் 10 ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்குபவை. ஆறிய அரிசிக்கஞ்சியில் 200 கிராம் ரைசோபியம் பொட்டலத்தைக் கரைத்து விதையோடு கலந்து, நிழலில் அரைமணி உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதையுங்கள். வெயிலில் உலர்த்தினால் போட்ட பாக்டீரியா செத்துவிடும்.

களைக்கொல்லியில் ஓர் எச்சரிக்கை. மக்காச்சோளத்துக்கு வழக்கமாகத் தெளிக்கும் அட்ரசின் உளுந்தைக் கொன்றுவிடும். கலப்பு வயலில் அதைத் தொடவே கூடாது. பெண்டிமெத்தலினை உறையில் சொன்ன அளவில், விதைத்த மூன்று நாளுக்குள், ஈரமுள்ள மண்ணில் தெளிக்கலாம். பிறகு ஒரு கைக்களை.

நான்காம் படி: தழைச்சத்தை எங்கே, எப்போது, எவ்வளவு

முதலில் மூட்டைக் கணக்கு. இப்போது வரும் யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. 50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உண்டு. டிஏபியின் அந்த 9 கிலோவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்க்க வேண்டும்.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கான பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கிலோ. இறவை உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25, ஏக்கருக்கு 10. கலப்பு என்றவுடன் இரண்டையும் கூட்டி 110 கிலோ வைக்கிறார்கள். நான் சொல்வது 80 கிலோவில் தொடங்குங்கள் என்று. கலப்பில் உளுந்துக்கெனத் தனியாகத் தழைச்சத்து வேண்டாம், மணிச்சத்து மட்டும் கொடுங்கள். முடிச்சு வேலை செய்ய மணிச்சத்து மிக முக்கியம். சூப்பர் பாஸ்பேட் அதற்கு டிஏபியைவிட நல்லது, கூடவே கந்தகமும் கிடைக்கும்.

80 கிலோவை மூன்றாகப் பிரியுங்கள். அடியுரமாக 20 கிலோ, மக்காச்சோள ஜோடியின் 45 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் மட்டும் கோடு கிழித்துப் போட்டு மண்ணால் மூட வேண்டும். 25ஆம் நாள் 40 கிலோ, அதே இடைவெளியில், மூடி, மண் அணைத்து. 45ஆம் நாள் 20 கிலோ, அதே இடத்தில். உளுந்து நிற்கும் 75 சென்டிமீட்டர் பக்கம் ஒரு குருணை யூரியாகூட விழக்கூடாது. ஜோடி வரிசையைச் சொன்னதே பெரும்பாலும் இதற்காகத்தான்: உரத்துக்கு ஒரு தெரு, பயறுக்கு ஒரு தெரு.

"அவ்வளவு நேரம் யார் செலவிடுவது, வீசிவிட்டால் அரைமணியில் முடியுமே" என்ற கேள்வி வரும். வீசுவது எளிது, காரணம் விலையும் எளிது. மூட்டை 266 ரூபாய் 50 காசு, மீதியை அரசு மானியமாகத் தருகிறது. விலை குறைவு என்பதால் இழப்பும் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். ஈர மண்ணின் மேல் கிடக்கும் யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. மணற்பாங்கான மண்ணில் அடுத்த தண்ணீரோடு கீழே இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றுக்குப் போய்ச் சேர்கிறது. மூடிய உரம் இந்த முதல் இழப்பைப் பெருமளவு தடுக்கும், பிரித்து வைத்த உரம் இரண்டாவதைக் குறைக்கும். உரம் வைத்த அன்றே வயல் நிறையத் தண்ணீர் கட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: முடிச்சைப் பிளந்து பார்ப்பது

விதைத்த 30 முதல் 35 நாளுக்குள், உளுந்து பூக்கும் நேரத்தில், தனி உளுந்திலிருந்து பத்துச் செடியும் கலப்பிலிருந்து பத்துச் செடியும் மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தண்ணீரில் மெல்ல அலசி முடிச்சுகளை எண்ணுங்கள். பிறகு நகத்தால் சிலவற்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது.

கலப்பில் முடிச்சு மிகக் குறைந்திருந்தால் மூன்று சந்தேகங்கள்: யூரியா உளுந்துத் தெருவுக்குள் வந்திருக்கிறது, தண்ணீர் தேங்கியிருக்கிறது, அல்லது நிழல் மிகுந்துவிட்டது. இந்தப் பருவத்துக்கு அதைச் சரிசெய்ய முடியாது. நோட்டில் எழுதிவையுங்கள்.

பூக்கும்போது ஒரு முறையும் 15 நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டிஏபி கரைசலை உளுந்தின் இலையில் தெளிக்கலாம். தனி உளுந்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்ததை வடித்து, 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். கலப்பில் உளுந்து வரிசை குறைவு என்பதால் பாதி போதும். அந்தத் தழைச்சத்தையும் கணக்கில் எழுதுங்கள், ஒரு கிலோவைத் தாண்டாது.

ஆறாம் படி: அறுத்து எடை போடுவது

உளுந்தை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் தரையோடு அறுங்கள். அது வேரை மண்ணில் விடும், பக்கத்து மக்காச்சோளத்தின் வேரையும் குலைக்காது. ஒவ்வொரு பட்டையிலும் வாய்மடை ஓரம் ஒரு குழி, நடுவில் ஒரு குழி, கடைமடை ஓரம் ஒரு குழி என மூன்று குழியை அளந்து தனித்தனியாக அறுத்து, அடித்து, காயவைத்து எடை போட்டுச் சராசரி எடுங்கள். எல்லாம் ஒரே காய்ச்சலில் இருக்க வேண்டும். ஈரத்தோடு ஒன்றையும் காய்ந்த பின் மற்றொன்றையும் நிறுத்தால் விகிதம் பொய் சொல்லும்.

ஏழாம் படி: இரண்டு விகிதங்கள்

முதலாவது நிலச் சமன் விகிதம். ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கம்பு, நிலக்கடலை போன்ற கலப்புகளை ஆராய்ந்த ஆர். டபிள்யூ. வில்லி 1970களின் கடைசியில் இதைப் பரவலாக்கினார். கணக்கு எளிது. கலப்பில் கிடைத்த மக்காச்சோளத்தைத் தனி மக்காச்சோளத்தால் வகுக்க வேண்டும். கலப்பில் கிடைத்த உளுந்தைத் தனி உளுந்தால் வகுக்க வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். தனி மக்காச்சோளம் குழிக்கு 8.2 கிலோ, கலப்பில் 7.4 கிலோ. தனி உளுந்து குழிக்கு 1.15 கிலோ, கலப்பில் 0.46 கிலோ. மக்காச்சோளத்தின் பங்கு 7.4 ÷ 8.2 = 0.90. உளுந்தின் பங்கு 0.46 ÷ 1.15 = 0.40. கூட்டினால் 1.30. கலப்பில் ஓர் ஏக்கர் கொடுத்ததைத் தனித்தனியாக எடுக்க 0.90 ஏக்கர் மக்காச்சோளமும் 0.40 ஏக்கர் உளுந்தும், ஆக 1.30 ஏக்கர் வேண்டும் என்று பொருள். ஒன்றுக்குக் கீழே வந்தால் கலந்தது நட்டம்.

பெரும்பாலானோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். நிலம் மட்டும் மிச்சமானால் போதுமா? அந்த 30 சதவீதத்தைக் கூடுதல் யூரியாவால் வாங்கியிருந்தால்? ஆகவே இரண்டாவது விகிதம், தழைச்சத்துச் சமன் விகிதம். தனித்தனியாக அதே விளைச்சலை எடுக்க எவ்வளவு தழைச்சத்து தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கலப்புக்கு நாம் வைத்த தழைச்சத்தால் வகுப்பது.

அதே எடுத்துக்காட்டு. தனி மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ, தனி உளுந்துக்கு 10 கிலோ வைத்தோம். 0.90 ஏக்கர் மக்காச்சோளத்துக்கு 90 கிலோ, 0.40 ஏக்கர் உளுந்துக்கு 4 கிலோ, மொத்தம் 94. கலப்புக்கு வைத்தது 80. ஆக 94 ÷ 80 = 1.18. நிலமும் மிச்சம், உரமும் மிச்சம். கலப்புக்கு 110 கிலோ வைத்து இதே விளைச்சல் வந்திருந்தால் 94 ÷ 110 = 0.85. நிலக் கணக்கில் அதே 1.30, உரக் கணக்கில் நட்டம். ஒரே வயல், ஒரே விளைச்சல், வைத்த கை மட்டும் வேறு. "ஒன்றும் மிச்சமாகவில்லையே" என்ற அலுப்புக்கு விடை இந்த 0.85இல் இருக்கிறது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால், மக்காச்சோளம், சோயா கலப்பைப் பற்றிய வயல் சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஆய்வில் நில விகிதத்தின் சராசரி 1.32, உர விகிதத்தின் சராசரி 1.44. உர ஆதாயம் நில ஆதாயத்தைவிடப் பெரிது என்பதைக் கவனியுங்கள்.

யூரியா வைக்காத எட்டுக் குழிகளை மறக்க வேண்டாம். கலப்பில் உரமிட்ட மக்காச்சோள விளைச்சலிலிருந்து உரமிடாததைக் கழித்து, வைத்த தழைச்சத்தால் வகுத்தால், ஒரு கிலோ தழைச்சத்து எத்தனை கிலோ மக்காச்சோளம் கொடுத்தது என்று தெரியும். தனிப்பயிரிலும் அதையே செய்யுங்கள். உரமிடாத குழிகளே நன்றாக விளைந்திருந்தால் உங்கள் மண்ணில் சம்பாவுக்கு வைத்த உரமும் தொழுஉரமும் தங்கியிருக்கின்றன. அடுத்த ஆண்டு 80ஐ 65 ஆக்கிப் பார்க்கலாம்.

விகிதம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. தனிப்பயிரை அலட்சியமாக வளர்த்தால் கலப்பு உயர்ந்ததாகத் தெரியும், ஆகவே மூன்றுக்கும் ஒரே அக்கறை வேண்டும். காலமும் ஒரு விஷயம். உளுந்து 70 நாளில் நிலத்தை விட்டுவிடுகிறது, கலப்பு 110 நாள் பிடித்துக்கொள்கிறது. நாளைச் சேர்த்துக் கணக்கிட்டால் (0.90 × 110 + 0.40 × 70) ÷ 110 = 1.15. கிணற்றில் தண்ணீர் இருந்து, உளுந்துக்குப் பின் இன்னொரு பயிர் எடுக்க முடிந்தவர்கள் இந்த 1.15ஐப் பார்க்க வேண்டும். ஜூன் வரை நிலம் வெறுமனே கிடக்கும் என்பவர்களுக்கு 1.30தான் சரி.

நெல்லோடு என்ன செய்யலாம்

தேங்கிய தண்ணீரில் உளுந்து வாழாது. ஆகவே நெல்லோடு சேரும் வழி இரண்டு.

ஒன்று, நேரடி விதைப்பில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு. டிரம் சீடர் என்னும் விதைப்பு உருளையில் நெல்லுக்கு இடையிடையே தக்கைப்பூண்டு வரிசை விட்டு, 35 முதல் 40 நாளில் கோனோ வீடர் என்னும் களையெடுக்கும் உருளையால் சேற்றில் மிதித்துவிடுவது. இங்கே பயறு மூட்டையில் வெளியேறுவதில்லை, எடுத்த தழைச்சத்து முழுவதும் மண்ணுக்கே. எவ்வளவு என்பதற்கும் குழி உதவும். மிதிக்கும் முன் ஒரு குழித் தக்கைப்பூண்டை அறுத்துப் பச்சையாக எடை போடுங்கள். பச்சைத் தழையில் ஆயிரம் கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிலோ தழைச்சத்து. குழிக்கு 10 கிலோ தழை என்றால் ஏக்கருக்கு 3,025 கிலோ தழை, 15 கிலோ தழைச்சத்து. முக்கால் மூட்டை யூரியாவுக்குச் சற்றுக் குறைவு. தக்கைப்பூண்டு 40 நாளைத் தாண்டினால் நெல்லை மூடிவிடும், தாமதிக்காதீர்கள்.

மற்றொன்று, நம் டெல்டாவின் சொந்த வித்தை: சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளிப்பது. ஏக்கருக்கு 12 கிலோ விதை, ஆடுதுறை 3 உளுந்து இதற்கென்றே வந்த ரகம். உழவில்லை, பாசனமில்லை, பனியும் மிச்ச ஈரமும் போதும். நெல் விட்டுச்சென்ற தழைச்சத்தையும் மணிச்சத்தையும் பயறு பொறுக்கிக்கொள்கிறது. இன்றைய தொல்லை அறுவடை இயந்திரம். டயர் வண்டி ஈர வயலில் முளைத்த பயறை நசுக்கிவிடும், பெல்ட் வண்டியில் சேதம் சற்றுக் குறைவு. முளை வெளிவரும் முன் அறுவடை முடியுமாறு, இயந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு அதற்கு ஓரிரு நாள் முன் தெளிப்பதே இப்போதைக்கு வழி.

குறுவைக்கு முன்

கோடையில் காய்ந்த மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறித் திரண்டிருக்கும். ஜூனில் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கியவுடன் அது வாயுவாக மாறிப் பறந்துவிடும். வெறும் தரிசாகக் கிடந்த நிலத்தில் இந்த இழப்பு பெரிது, பயிர் நின்ற நிலத்தில் வேர்கள் அதை முன்பே பிடித்துவைத்திருக்கும். மக்காச்சோளம் அறுத்த பின் 40 நாளாவது இருந்தால், கோடை மழை ஈரத்தில் தக்கைப்பூண்டோ, இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிச் சென்ற பலதானிய விதைப்போ போட்டு மடக்கி உழுங்கள்.

பிறகு குறுவைக்கு ஏக்கருக்கு வழக்கமான 60 கிலோ தழைச்சத்தை நாள் பார்த்து வைக்காதீர்கள். தேங்கிய நெல் வயலில் வைத்த யூரியாவில் பொதுவாக 30 முதல் 40 சதவீதமே பயிருக்குப் போய்ச் சேர்கிறது. அடியுரத்தைக் குறைத்துவிட்டு, நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, நெல் இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப் பட்டைகளோடு ஒப்பிட உதவும் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குங்கள். வெயில் நேராகப் படாமல் உங்கள் நிழலை அட்டையின் மேல் விழவிட்டு, முழுதாக விரிந்த மேல் இலையை வைத்துப் பத்து இலைகள் பாருங்கள். ஆறும் அதற்கு மேலும் 4ஆம் நிறத்துக்குக் கீழே வெளிறியிருந்தால் அன்று யூரியா வையுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் நிறம் போதும். ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் மூட்டையைப் பிரிக்காமல் அடுத்த வாரம் வரை காத்திருங்கள்.